ஒகேனக்கல் பாறையில் ஏன் சிப்பி கிடைக்காது?

ஒகேனக்கல்லில் பரிசலில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் பாறைச் சுவரைப் பார்த்ததும் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "இதற்குள் டைனோசர் எலும்பு இருக்குமா?" என்பது. குழந்தைகள் வாய்விட்டுக் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். ஆற்றோரப் பாறையைச் சுத்தியால் தட்டினால் சிப்பியும் மீன் எலும்பும் உதிர்வதை டி.வி.யில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சுவரும் அப்படி ஒரு புதையலாகத்தான் தோன்றும்.

இருக்காது என்பதே பதில். டைனோசர் கிடக்கட்டும், ஒரு சிப்பி ஓடுகூட அந்தச் சுவரில் கிடைக்காது. ஒவ்வோர் அடியாகத் தேடிப் பார்க்காமலேயே இதை எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது? பாறை பிறந்த விதம் தெரிந்தால் போதும், சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாறையின் வயது வேறு. அந்தப் பாறையில் ஆறு வெட்டிய பள்ளத்தின் வயது வேறு. ஆற்றின் தரையில் தண்ணீர் ஆழமாகத் தங்கி நிற்கும் இடத்தை மடு என்கிறோம். கோடையில் ஓட்டம் மெலிந்தாலும் மடுவில் தண்ணீர் இருக்கும். காட்டு விலங்குகள் அதை நம்பித்தான் இறங்கி வரும். அந்த மடுவைக் குடைந்தது ஆறு. ஆறு வருவதற்கு நெடுங்காலம் முன்பே பாறை பிறந்துவிட்டது. புதைபடிவம், அதாவது கல்லாகிப்போன உயிரின் எச்சம், உண்டா இல்லையா என்பது பாறையின் பிறப்பைப் பற்றிய கேள்வி. சுவர் ஏன் செங்குத்தாக இருக்கிறது, மடு ஏன் இவ்வளவு ஆழம் என்பவை ஆற்றைப் பற்றிய கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள்.

மீன் முள் கல்லாக மாற என்ன வேண்டும்?

ஒகேனக்கல்லில் வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் முள்ளை ஆற்றில் வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வீசக் கூடாது, ஆனாலும் வீசுகிறார்கள்.) அந்த முள் என்றாவது ஒரு நாள் புதைபடிவம் ஆகுமா? வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். ஓடுகிற தண்ணீர் அதைப் பாறையில் மோதி நொறுக்கும். நண்டும் மற்ற மீன்களும் மிச்சத்தைக் கொறிக்கும். எஞ்சியதை நுண்ணுயிர்கள் முடித்துவிடும்.

அதே முள் அமைதியான கடலடியிலோ ஏரியடியிலோ விழுந்து, அடுத்தடுத்து வந்து படிகிற சேற்றில் சீக்கிரமே மூடப்பட்டால் கதை வேறு. சேற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு, அழுகல் மெதுவாகும். சேற்றின் வழியே ஊறும் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சிலிக்கா, இரும்பு போன்ற தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படியும். சில சமயம் எலும்போ ஓடோ முழுவதும் கரைந்துபோய், அதன் வடிவம் மட்டும் அச்சாக நிற்கும். மேலே மேலே சேறு படியப் படிய, அடியில் இருப்பது அமுங்கி இறுகிப் பாறையாகிறது. இப்படிப் படிந்து இறுகியதற்குப் படிவுப்பாறை என்று பெயர். சுண்ணாம்புக்கல், மணற்கல், களிக்கல் எல்லாம் இந்த வகை. உலகத்தில் கிடைக்கிற புதைபடிவங்களில் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லான பிறகு அந்தக் கல், பல கோடி ஆண்டுகளுக்குக் கடுமையான சூட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் தோற்றுப்போவது இங்கேதான்.

நிலத்துக்கடியில் வெந்த கல்

ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள பாறைகளில் முக்கியமானது சார்னோகைட். நம் ஊரில் எல்லாவற்றையும் கருங்கல் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவோம். ஜல்லிக் குவாரியில் உடைபடுகிற கருங்கல்லில் கணிசமான பங்கு இதுதான். இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், ஆண்டு 1893. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லை வைத்தே பாறைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற கல் உலகப் பாறையியல் அகராதியில் ஒரு கல்லறையின் பெயரால் வழங்குகிறது.

குவாரிக்கு வெளியே கிடக்கும் புதிதாக உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெளித்தோல் பழுப்பாக, மங்கலாக இருக்கும். உடைந்த முகம் அப்படி இருக்காது. பச்சையும் சாம்பலும் கலந்த இருள் நிறம். எண்ணெய் பூசியது மாதிரி ஒரு பளபளப்பு. திருப்பும்போது சில புள்ளிகள் சட்டென்று மின்னி அணையும். தட்டையான முகமாகப் பிளக்கும் பெல்ஸ்பார் படிகங்கள் அவை. மின்னாமல் கண்ணாடிச் சில்லு போல் கிடப்பது குவார்ட்ஸ். கருமையாகத் தெரிவதில் பைராக்ஸின் என்ற தாது இருக்கிறது. படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இடைவெளியே இல்லாமல் இருப்பதைக் கவனியுங்கள். மணற்கல்லில் ஒரு மணலும் இன்னொரு மணலும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இதில் அது தெரியாது. ஏனென்றால் இது படிந்து உண்டானதல்ல. ஆழத்தில் வெந்து படிகமானது.

சூடு எவ்வளவு என்பதை அந்தப் பைராக்ஸின் காட்டிக்கொடுக்கிறது. அது சார்னோகைட்டில் உருவாக ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும்; அதோடு தண்ணீர்ப் பசை மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்தச் சூடும் அதற்கேற்ற அழுத்தமும் கிடைக்கிற இடம் நிலத்துக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, அந்த ஆழத்துக்குள் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் ஒன்று போனதாகவே வைத்துக்கொண்டாலும், அது உருமாறிப் பளிங்குக்கல்லாகத்தான் வெளியே வரும். சிப்பியின் வரி, விளிம்பு, கீல் எதுவும் மிஞ்சாது.

சூடு ஒரு காரணம். காலம் இன்னொரு காரணம். அது இன்னும் வலுவானது. இந்தப் பகுதிப் பாறைகள் வெந்து இறுகியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். பூமியின் வயதே சுமார் 454 கோடி ஆண்டு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூமி தன் ஆயுளில் பாதியைக்கூடத் தொடாத காலம். அப்போது உயிர் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராக மட்டும் இருந்தது. ஓடும் எலும்பும் உடைய விலங்குகள் பெருகியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். டைனோசர் அதற்கும் வெகு பின்னால். ஆகவே ஒகேனக்கல் பாறையில் டைனோசர் எலும்பு அழிந்துபோய்விட்டது என்று சொல்வதுகூடத் தவறு. அந்தப் பாறை உருவானபோது எலும்பு என்ற ஒன்றே உலகில் இல்லை.

250 கோடி என்று எப்படித் தெரியும்? பாறைக்குள் சிர்க்கான் என்ற மிகச் சிறிய படிகங்கள் இருக்கின்றன. அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஏற்காது. உள்ளே போன யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு பிடிக்கும். இப்போது அந்தப் படிகத்தில் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல் பரிசல் துறைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் நியாயமானது. அது மேலே ஏறியது. அதன் மேலிருந்த பாறை தேய்ந்து போனது. இரண்டும் கூட்டாக நடப்பவை. மேல்பாரம் மழையிலும் காற்றிலும் ஆற்றிலும் கரைந்து குறையக் குறைய, அடியிலிருப்பது பாரம் குறைந்து மெல்ல உயரும். 25 கிலோமீட்டரை 250 கோடி ஆண்டில் வகுத்தால், சராசரியாக 1 லட்சம் ஆண்டுக்கு 1 மீட்டர். உண்மையில் ஒரே சீராக நடந்திருக்காது. சில காலங்களில் வேகமாகவும் சில காலங்களில் நின்றும் போயிருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான், நாம் நிற்பது ஒரு பழைய மலைத்தொடரின் அடிவேர் என்பது உறைக்கும்.

இதில் நம் இரண்டு மாவட்டங்களுக்கு உலகப் புவியியல் வட்டாரத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு; உள்ளூரில் அது பேசப்படுவதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வரும்போது, வடக்கே நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறைகள் அதிகம். கிருஷ்ணகிரி ஊருக்கு மேலே நிற்கும் கோட்டை மலை போன்ற வழுவழுப்பான குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். தெற்கே வரவர சார்னோகைட் கூடுகிறது. வடக்கே இருப்பது குறைந்த சூட்டில் உருமாறியது. தெற்கே இருப்பது அதிகச் சூட்டில் உருமாறியது. அதாவது, பண்டைய நிலத்தோட்டின் ஒரு பகுதி சாய்ந்து தேய்ந்து கிடக்கிறது. தெற்கே போகப் போக நாம் அதன் ஆழமான பகுதிக்குள் போகிறோம். பூமியின் உள்ளே பல கிலோமீட்டர் துளையிட்டுத்தான் பார்க்க முடியும் என்கிற ஒன்றை ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். புவியியலாளர்கள் பல நாடுகளிலிருந்து வந்து இந்தப் பாதையில் கல் எடுத்துப் போனது இதற்காகத்தான்.

சுண்ணாம்பு இருக்கிறது, சிப்பி இல்லை

இப்போது ஒரு சிக்கலான விஷயம். ஒகேனக்கல் பகுதியில் வெளிர் நிறப் பாறை ஒன்று, சார்னோகைட்டுக்கு ஊடே கீற்றாகவும் திட்டாகவும் ஓடுகிறது. கத்தியால் சுரண்டினால் கீறல் விழும். சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பொங்கி நுரைக்கும். சுண்ணாம்புக்கல்லுக்குச் செய்கிற சோதனையும் இதுவேதான். பார்த்தீர்களா, சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அப்படியானால் கடல் இருந்திருக்கிறது, சிப்பியும் இருக்க வேண்டும் என்று யாராவது வாதாடினால் அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் பார்வைக்கு வாதம் சரிதான்.

ஆனால் அது கார்பனடைட். கால்சியம் கார்பனேட் என்ற அதே பொருள்தான். பிறப்பு மட்டும் நேர் எதிர். சுண்ணாம்புக்கல் கடலில் சிப்பியும் பவளமும் விட்டுச்சென்ற சுண்ணாம்பு சேர்ந்து உண்டாவது. கார்பனடைட், பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருந்து உருகிய குழம்பாக எழும்பி வந்து, பிளவுகளில் புகுந்து உறைந்தது. அதாவது அது தீப்பாறை. உலகத்தில் மிக அரிய பாறை வகைகளில் ஒன்று. இன்றைக்கும் கார்பனடைட் குழம்பைக் கக்குகிற எரிமலை உலகில் ஒன்றே ஒன்றுதான்: தான்சானியாவில் உள்ள ஓல் டொய்ன்யோ லெங்காய்.

ஒகேனக்கல் கார்பனடைட்டின் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளில் அதுவும் ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியிலும் கார்பனடைட் உண்டு. அது வயதில் மிக இளையது. சாமல்பட்டி ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது தெரியவில்லை. கோயில், கோட்டை என்றால் பலகை வைக்கிறார்கள். கல்லுக்கு யாரும் பலகை வைப்பதில்லை.

ஏமாற்றுகிற கற்கள்

"எங்கள் ஊர்ப் பாறையில் இலை பதிந்திருக்கிறது" என்று செல்போனில் படம் அனுப்புகிறவர்கள் அதிகம். படம் பொய்யில்லை. கல்லின் வெடிப்பில் தண்ணீர் ஊறும்போது, அதில் கரைந்திருக்கும் மாங்கனீசும் இரும்பும் கிளைகிளையாகப் படியும். பார்க்கப் பெரணி இலையேதான். ஆனால் செடியோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சோதனை: உண்மையான இலைப் பதிவில் நடு நரம்பும் அதிலிருந்து ஒழுங்காகப் பிரியும் கிளை நரம்பும் இருக்கும். தாதுப் படிவில் நடு நரம்பு இருக்காது; வெடிப்பின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் புதராகப் படர்ந்திருக்கும்.

அடுத்தது சுக்கான் கல். நம் மாவட்டங்களில் மழை குறைவு, ஆவியாதல் அதிகம். மண்ணுக்குள் இறங்கிய சுண்ணாம்புச் சத்து மறுபடி மேலே வந்து, கணுக்கணுவான வெள்ளைக் கற்களாகப் படிகிறது. செடி வேரைச் சுற்றிப் படிந்தால், வேர் மக்கிப்போன பிறகு நடுவில் துளையுள்ள நீண்ட வெள்ளைக் குழாய் மிஞ்சும். ஓடைக்கரை இடிந்த இடத்தில் அது நீட்டிக்கொண்டிருந்தால் கை எலும்பு என்றே தோன்றும். இதில் ஒரு நியாயம் உண்டு: அது வேரின் அச்சு என்ற அளவில் உயிரின் தடம்தான். ஆனால் மேல்மண்ணில் உண்டானது. கீழே இருக்கும் பாறைக்கு அதில் பங்கில்லை.

நைஸ் பாறையின் வெள்ளை, கறுப்பு வரிகளையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் மெருகேற்றி ஏற்றுமதி செய்கிற கிரானைட் பலகைகளில் அலையலையாக ஓடும் வரிகளைப் பார்த்துவிட்டு, அடுக்கடுக்காகச் சேறு படிந்த தடம் என்று நினைப்பவர்கள் உண்டு. படிவுப்பாறையின் அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு தரையாக இருந்தது. அதனால் ஓர் அடுக்கில் மணல், அடுத்ததில் களிமண் என்று பொருளே மாறும். நைஸ் வரி அப்படியல்ல. சூட்டிலும் அழுத்தத்திலும் தாதுக்கள் பிரிந்து ஒதுங்கியதால் வந்த வரி. அது மடிந்து, நெளிந்து, சில இடங்களில் திரும்பி வந்து தன்னையே தொடும்.

உருண்டைக் கல்லைக் கண்டால் டைனோசர் முட்டை என்பது எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான வியாதி. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே நீர்நிலையில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட்டு, முட்டை என்று செய்தி பரவியது. வந்து பார்த்த புவியியலாளர்கள் முட்டை இல்லை, படிவுகள் திரண்டு உருண்ட கல் என்றார்கள். அங்காவது கீழே கடல் படிவு இருக்கிறது. ஆசைப்பட நியாயம் உண்டு. தர்மபுரியில் உருண்டைப் பாறை என்றால் அது வெடிப்புகளின் வழியே மூலை முனை எல்லாம் உதிர்ந்து உருண்ட கருங்கல்தான்.

சிப்பி வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும்?

அதே காவிரி பாயும் நாட்டிலேயே கீழ்த்திசையில் போக வேண்டும். அரியலூர், பெரம்பலூர், திருச்சியின் ஒரு பகுதி ஆகியவை கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் இருந்தன. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம் அது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அந்தக் கடல் படியவிட்ட களியும் மணலும் சுண்ணாம்பும் ஆழத்துக்குள் புதையாமல், வேகாமல் அப்படியே இருக்கின்றன. அந்தச் சுண்ணாம்பினால்தான் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள். 1840-களிலேயே அங்கிருந்து புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு நிலத்தை ஆராய்ந்து படிவுகளை வகைப்படுத்தினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அங்குக் கிடைத்த உயிரினங்களை விரிவாக வருணித்தார்.

காரை என்ற ஊருக்கு அருகில் மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் நிலம் உண்டு. அங்கே தரையிலேயே சுருள் வடிவ அம்மோனைட் துண்டுகளும், ஒரு முனை கூரான நீளக் கல்லாகப் பெலம்னைட்டுகளும் கிடப்பதைப் பார்க்கலாம். இரண்டும் கணவாய் மீனின் தூரத்து உறவுகள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அதை 1940-இல் அறிவுலகத்துக்குச் சொன்னவர் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்க்க வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கல்லக்குடிப் பக்கம். அங்கே பவளச் சுண்ணாம்புக்கல் அடுக்கு, பழங்காலக் கருங்கல் தரையின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தரை, தர்மபுரியில் நாம் பார்க்கிற அதே பழம்பாறைக் குடும்பம். கடல் வந்தபோது அலை மோதியது அதன் மீதுதான். அடிப் படிவுகளுக்குள் அந்தக் கருங்கல் உருண்டைகளும் சேர்ந்து கிடக்கின்றன. மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் வயது வித்தியாசம் 200 கோடி ஆண்டுக்கு மேல். நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

இனி மடு

பாறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு கடினமான கல்லில் ஆறு எப்படிக் குழி தோண்டியது?

தண்ணீர் மட்டும் தோண்டவில்லை. தண்ணீர் கொண்டுவருகிற கல் தோண்டுகிறது. பாறைத் தரையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால், மேலே ஓடும் தண்ணீர் அங்கே சுழலும். அந்தச் சுழலில் ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போலத்தான். நாள்பட்ட ஆட்டுக்கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழியும் ஆழமாகும், குழவியும் தேயும். ஆற்றிலும் அப்படியே: கூழாங்கல் தேய்ந்து மணலாகி வெளியேறும், அடுத்த வெள்ளம் புதிய கல்லைக் கொண்டுவந்து போடும். குழி வட்டமாக, வழுவழுப்பாக ஆழ்ந்துகொண்டே போகும். பல குழிகளில் வாய் குறுகி வயிறு பெருத்திருக்கும். சுழலின் அடிப்பாகத்தில்தான் கற்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. தண்ணீர் குறைந்த நாளில் இப்படிப்பட்ட குழியின் உள்சுவரைத் தடவிப் பார்த்தால், சுற்றிச் சுற்றி இறங்கும் மெல்லிய தடங்கள் விரலில் தட்டுப்படும். அடியில் சில உருண்டைக் கற்கள் கிடக்கும். வேலைக்காரர்கள் அவர்கள்தான்.

அருகருகே இருக்கும் குழிகள் அகன்று, இடைச்சுவர் உடைந்து ஒன்றாகும். அப்படிப் பல குழிகள் சேர்ந்து கால்வாயாகும். பாறைச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு வெகு மேலே அரைவட்டமாகக் குடைந்த வழுவழுப்பான தடம் தெரிந்தால், ஒரு காலத்தில் ஆற்றின் தரை அந்த உயரத்தில் இருந்தது என்று பொருள். பாதிக் குழி இடிந்து போய் மீதிப் பாதி சுவரில் நிற்கிறது.

சுவர் செங்குத்தாக நிற்பதற்கு வெடிப்புகள் காரணம். ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை மேலே வரும்போது பாரம் விலகி விரிகிறது. விரியும்போது நேர்நேராக வெடிக்கிறது. வெள்ளம் அந்த வெடிப்புகளில் நுழைந்து, கட்டம் கட்டமாகப் பாறையைப் பெயர்த்துத் தள்ளும். மிஞ்சுவது நேர்ச்சுவர். ஆறு திடீரென்று திரும்புவதும் குறுகுவதும் பெரும்பாலும் இந்த வெடிப்புகளின் வழியைப் பிடித்துத்தான்.

அருவிக்கு அடியிலுள்ள மடு இன்னும் ஒரு படி மேல். சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அடியை இடித்துக் குடைந்து, அருவியின் காலையே அரிக்கிறது. கால் போனால் மேற்பாறை உடைந்து விழும். அருவி சிறிது பின்வாங்கும். இப்படி அருவிகள் ஆற்றில் மேல்நோக்கி நகர்கின்றன. மைசூரு பீடபூமி கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேல். மேட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பி நின்றால் அதன் மட்டம் சுமார் 240 மீட்டர். இந்த இறக்கத்தைக் காவிரி ஒரே சரிவாக இறங்கவில்லை, படிபடியாக இறங்குகிறது. சிவசமுத்திரம் ஒரு படி, ஒகேனக்கல் ஒரு படி.

இந்த வேலையெல்லாம் தினமும் நடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி ஆறு சும்மா ஓடுகிறது. குழியில் கிடக்கும் கல்லை அசைக்கக்கூட அதனால் முடியாது. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்று ஒரு பழைய நீரியல் கணக்கு உண்டு. அதனால் வெள்ள நாட்கள்தான் உளி பிடிக்கிற நாட்கள். 2018 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடியைத் தாண்டியது. ஒரு கனஅடி 28.3 லிட்டர், பெருக்கினால் வினாடிக்கு 56 லட்சம் லிட்டருக்கு மேல். அருவியே தெரியாமல் மூழ்கிய அந்த நாட்களில், தண்ணீருக்கு அடியில் என்ன பாறை எங்கே உடைந்தது என்று யாரும் பார்த்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு வழி மாறியிருப்பது பரிசல்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மடுவின் இந்த வடிவம் தெரிந்தவர்கள் அதில் குதிக்க மாட்டார்கள். மேலே ஓட்டம் அடங்கியதாகத் தெரியும். அடியில் சுவர் உள்வாங்கி இருக்கும். வயிறு பெருத்த குழிக்குள் இழுக்கப்பட்டவர் மேலே வரும்போது தலைக்கு மேல் பாறைதான் இருக்கும், வாய் எந்தப் பக்கம் என்று தெரியாது. வழுவழுப்பாகத் தேய்ந்த விளிம்பில் பிடிக்கவும் ஒன்றும் கிடைக்காது. நல்ல நீச்சல்காரர்களும் ஒகேனக்கல்லில் இறந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து கூடியதும் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுகிறார்கள்; டிக்கெட் வாங்கி வந்துவிட்டோமே என்று அங்கே வாக்குவாதம் செய்கிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். குழிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில், தண்ணீர் குறைந்திருக்கும்போது போவது நல்லது. சுற்றிலும் வனத்துறையின் காடு என்பதால், கல்லைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். பைக்குள் போட்டுக்கொண்டு வரக் கூடாது.